எரிவாயுவில் ஓடாத சங்கிலிவாள்

‘எரிவாயுவில் இயங்கும் சங்கிலி ரம்பம்: பாதுகாப்பான பராமரிப்பும் பழுதுபார்ப்பும்.’ இந்த மாதிரித் தலைப்போடு கைநூல்களும் காணொளிகளும் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. மாரியில் வளவுக்குள் வேம்பும் முருங்கையும் முறிந்து விழ, கூலிக்கு ஆள் கிடைக்காமல் பலர் தாங்களே மரம் அரியும் சங்கிலிவாள் மெசின் வாங்குகிறார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே இந்தத் தமிழ். இதில் வரும் ‘எரிவாயு’ பிழை. நடைப்பிழை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இது பொருட்பிழை, அதுவும் கவனம் தப்பினால் கையை எடுத்துவிடும் ஒரு கருவியின் கைநூலில்.

ஆங்கில மூலத்தில் உள்ள சொல் ‘காஸ்’. அமெரிக்கர் ‘காசொலின்’ என்பதைச் சுருக்கி அப்படிச் சொல்வார்கள். நாம் பெற்றோல் என்று சொல்லும் அதே திரவம்தான் அது. வாயுவைக் குறிக்கும் ‘காஸ்’ என்ற சொல்லை 17ஆம் நூற்றாண்டில் ஆக்கியவர் இரசாயன அறிஞர் வான் ஹெல்மொன்ற். கிரேக்கத்தின் ‘கேயொஸ்’ அதற்கு மூலம். ‘காசொலின்’ 1860களில் தலைகாட்டியது. இலண்டன் வணிகர் ஜோன் கசெல் தன் பெயரை ஒட்டி ‘கசெலின்’ என்று விற்ற, விளக்கெரிக்கும் எண்ணெயிலிருந்து அது வந்தது என்பாரும் உண்டு. ‘பெற்றோல்’ இலத்தீன் வழி வந்தது: பாறையும் எண்ணெயும் சேர்ந்த சொல். சொற்பிறப்பு இவ்வளவு போதும். சிக்கல் அங்கே இல்லை.

சிக்கல், அமெரிக்கரின் ‘காஸ்’ வேறு, யாழ்ப்பாணத்தின் ‘காஸ்’ வேறு என்பதில் இருக்கிறது. இங்கே காஸ் என்றால் அடுப்படியில் இருக்கும் 12.5 கிலோ சிலிண்டர். எழுத்தில் அதுவே எரிவாயு. இலங்கையில் தட்டுப்பாடு மிகுந்த 2022ஆம் ஆண்டைக் கடந்து வந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பெற்றோலுக்கு ஒரு வரிசை, காஸுக்கு வேறொரு வரிசை. ஒன்றுக்குக் கியூஆர் குறியீடு, மற்றதுக்கு வெறுஞ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து நிற்பது. இரண்டு வரிசையிலும் நின்ற மக்களிடம் பெற்றோல் மெசினைக் கொடுத்து, அது எரிவாயுவில் ஓடுகிறது என்று எழுதிக் கொடுப்பது எந்த வகை மொழிபெயர்ப்பு?

‘படிக்கிறவர்கள் விளங்கிக்கொள்வார்கள்’ என்று சிலர் சொல்கிறார்கள். விளங்கிக்கொள்வதில்லை. கைநூல் வசனங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். ‘எரிவாயுவையும் எண்ணெயையும் 50:1 விகிதத்தில் கலக்கவும்.’ சிலிண்டருக்குள் இருக்கும் வாயுவோடு எண்ணெயை எப்படிக் கலப்பது? அறிவுள்ள வாசகன் இந்த வசனம் தன் மெசினுக்கு உரியதல்ல, வேறேதோ வகைக்கு உரியது என்று தள்ளிவிட்டுப் போவான். அங்கேதான் கேடு. இந்தச் சங்கிலிவாள்களில் பெரும்பாலானவை ரூ ஸ்ரோக் எஞ்சின். காருக்கு இருப்பது போல அடியில் தனியாக ஓயில் நிற்காது. பிஸ்ரனுக்கும் பெயாரிங்குக்கும் போகிற ஒரே மசகு பெற்றோலோடு கலந்து வரும் ஓயில்தான். 50:1 என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். 25:1 கேட்கும் மெசினுக்கு 40.

சுன்னாகப் பக்கம் ஒரு திருத்தகத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். புதிய மெசின் ஒன்று இறுகிப்போய் வந்திருந்தது. மெக்கானிக் தம்பி சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துளைக்குள் ரோர்ச் அடித்துக் காட்டினார். பளபளப்பாக இருக்க வேண்டிய பிஸ்ரனின் பக்கத்தில் மேலிருந்து கீழாக நகத்தால் பிறாண்டியது போல் கோடுகள், சாம்பல் நிறத்தில்.

“அண்ணை, ஓயில் கலக்கேல்லையோ?”

“புத்தகத்தில காஸுக்கெல்லோ ஓயில் கலக்கச் சொல்லிக் கிடக்கு. நான் விட்டது பெற்றோல்.”

அந்த மனிதர் கவனமில்லாதவர் அல்லர். கைநூலை முழுக்கப் படித்திருக்கிறார், படித்தபடியே நடந்திருக்கிறார். பிழை எழுதியவருடையது.

இன்னும் பாருங்கள். ‘பழைய எரிவாயுவைத் தாங்கியில் விட்டுவைக்க வேண்டாம்.’ சிலிண்டர் காஸ் பழசாவதில்லை என்பது வீட்டில் சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். பெற்றோல் பழசாகும். மாதக்கணக்கில் கிடந்தால் ஆவியாகக்கூடிய பகுதி போய்விட, மிஞ்சுவது பிசினாகிக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைக்கும். அடுத்த மாரிக்கு மெசின் ஸ்ராட் ஆகாமல் போவதற்கு இதுவே முக்கிய காரணம். ‘எரிவாயுக் கசிவைச் சோதிக்கவும்’ என்றால் நம்மவர் மூக்கை நீட்டுவார். சமையல் காஸுக்கு மணம் சேர்த்திருப்பதே அதற்குத்தான். பெற்றோல் கசிவைச் சோதிக்க வேண்டியது கண்ணாலும் கையாலும்: குழாயில் வெடிப்பு, மூடியடியில் ஈரம், தாங்கியின் அடியில் தூள் அப்பிக் கறுத்த இடம். ‘எரிவாயு நிரப்பும் முன் இயந்திரத்தைக் குளிரவிடவும்’ என்ற வசனம் உயிர் காக்கும் வசனம். சூடான சைலன்சரில் பெற்றோல் சிந்தினால் பற்றும். அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது; நிலத்தோடு ஊர்ந்து போய் எங்கோ இருக்கும் நெருப்பைத் தொடும். அதனால்தான் நிரப்பிய இடத்திலேயே ஸ்ராட் செய்யாமல் மூன்று மீற்றராவது தள்ளிப் போகச் சொல்கிறார்கள். இத்தனையும் ஒரு தவறான சொல்லால் வாசகனுக்கு எட்டாமல் போகிறது.

சரி, எரிவாயு வேண்டாம் என்றால் எதை எழுதுவது? தனித்தமிழ் அன்பர்கள் ‘கன்னெய்’ என்பார்கள். கல்லும் நெய்யும் புணர்ந்த சொல். புணர்ச்சி சரி, இலத்தீன் மூலத்துக்கும் அச்சொட்டாகப் பொருந்துகிறது. கவிதையில் வந்தால் நானே இரசிப்பேன். கைநூலில் அதை எதிர்க்கிறேன்.

காரணம், தமிழில் மண்ணெண்ணெய் ஏற்கெனவே இருக்கிறது. அது எவரும் வாதிடாமலே வென்ற சொல். கிழவி முதல் குழந்தை வரை வாயில் வழங்குகிறது. மண்ணிலிருந்து எண்ணெய் என்று பழகிய காதில் கல்லிலிருந்து நெய் விழுந்தால், தெரியாதவன் மனம் முதலில் மண்ணெண்ணெய்ப் பக்கமே போகும். இல்லாவிட்டால் சுத்திகரிக்காத மசகெண்ணெய் என்று நினைக்கும். பாறை எண்ணெய் என்ற பெயருக்கு உண்மையில் அதுதான் உரியது. அதிலும் இது யாழ்ப்பாணம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைத் துளித்துளியாகக் காட்டி ஸ்ராட் செய்துவிட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர். ‘மண்ணெண்ணெயும் விடலாம்’ என்று ஒருவர் எண்ணினால் அது அறியாமை என்று சொல்ல முடியாது, பட்டறிவு. அவருக்குக் கன்னெய் என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

தூய்மை எனக்கும் வேண்டும். ஆனால் தூய்மை வாசகனுக்குத் தெளிவைக் கொடுக்கும் இடத்தில் வேண்டும். மானிப்பாயில் 1848இல் மருத்துவமனை தொடங்கி, பின்னர் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீனின் வழியை இங்கே நினைக்க வேண்டும். அவரும் அவர் மாணவரும் மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கியபோது, தமிழில் இருந்த சொல்லை எடுத்தார்கள், முடிந்த இடத்தில் புதிதாக ஆக்கினார்கள், இயலாத இடத்தில் ‘கெமிஸ்ற்றி’யைக் ‘கெமிஸ்தம்’ என்று தமிழ் ஓசைக்கு இழுத்துக்கொண்டார்கள். நோயாளியின் உயிர் சொல்லில் தொங்குகிறது என்று தெரிந்தவர்கள் அவர்கள். பெற்றோல் அப்படி நம் ஓசைக்கு வந்து பல தலைமுறையாகிவிட்டது. ஆகவே பெற்றோல். ஓயில் சேர்த்த பிறகு ‘கலவை’ என்று எழுதினால் இன்னும் நல்லது. ‘கலவையை மட்டும் நிரப்பவும்’ என்ற வசனத்தை எவரும் பிழையாக விளங்க மாட்டார்.

இனிச் சங்கிலிவாள். ‘ரம்பம்’ தமிழகத்தில் ஊன்றிவிட்ட சொல். அங்கே அதை எழுதட்டும். இங்கே தச்சரின் கையில் இருப்பது வாள். மரக்காலையில் அரிவதும் வாள். போர்வாளோடு மயங்கும் என்று சொல்பவர்கள் அரிவாளைப் பார்த்து மயங்கியதுண்டா? ஈர்வாள் என்று மரம் பிளக்கும் கருவிக்குப் பழந்தமிழே பெயர் வைத்திருக்கிறது. ‘சங்கிலி’ வடசொல் வழி வந்தது, ‘தொடரி’ என்று மாற்ற வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். நல்லூரில் ஆண்ட மன்னனுக்கே அந்தப் பெயர் இருந்தது. அதைவிட உள்ளூர்ச் சான்று எனக்கு வேண்டியதில்லை.

சங்கிலி என்பது இங்கே வெறும் உவமையுமல்ல. பல் வைத்த சங்கிலியை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்கொட்லாந்து மருத்துவர்கள் எலும்பு அறுக்கக் கையால் இழுத்தார்கள். மரத்துக்கு மெசினாக வந்தது வெகு பின்னால்: 1926இல் அண்ட்ரியாஸ் ஸ்ரீல் மின்சாரத்தில் ஓட்டினார், 1927இல் எமில் லெர்ப் பெற்றோலில் ஓட்டினார். இருவரும் ஜெர்மானியர்.

பல்லைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. எல்லாக் கைநூலிலும் ‘சங்கிலியைக் கூர்மைப்படுத்தவும்’ என்றே இருக்கிறது. தமிழில் இதற்கென்றே ‘அராவுதல்’ இருக்கிறது. கத்தியைக் கல்லில் தீட்டுவோம், வாளின் பல்லை அரத்தால் அராவுவோம். ‘அரம்பொருத பொன்போலத் தேயும்’ என்று குறளில் வரும் அதே அரம். சங்கிலிவாளுக்கு வேண்டியது உருண்டை அரம். சங்கிலியின் அளவைப் பொறுத்து 4.0, 4.8 அல்லது 5.2 மில்லிமீற்றர் தடிப்பு. பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, பெரும்பாலும் 30 பாகைச் சரிவில், ஒரே திசையில் தள்ள வேண்டும். திரும்பி இழுக்கும்போது அரம் பல்லில் படக்கூடாது. ஒரு பல்லுக்கு எத்தனை தள்ளோ மற்றப் பல்லுக்கும் அத்தனை. கூடக் குறைந்தால் வாள் ஒரு பக்கமாக வளைந்து அரியும். அரிதூள் மாவாக விழுந்தால் பல் மழுங்கியிருக்கிறது, செதிளாக விழுந்தால் கூர் இருக்கிறது. பனையை அரிகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: கூரைக்குச் சிலாகையும் வளையும் எடுக்கிற அந்த வைரம் பாய்ந்த மரம் பல்லை விரைவில் தின்றுவிடும். கையுறை போட்டு, பிளக் வயரைக் கழற்றிய பிறகே சங்கிலியில் கை வைக்க வேண்டும் என்பதையும் ‘தீப்பொறிச் செருகியைத் துண்டிக்கவும்’ என்று எழுதி எவருக்கும் விளங்காமல் செய்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் மொழிபெயர்த்தவர்கள் மெசினைத் தொட்டுப் பார்த்ததில்லை என்பது வரிக்கு வரி தெரிகிறது. குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் செய்ய இழுக்கும் ‘சோக்’ மூச்சுத்திணறல் ஆகிறது. சங்கிலி ஓடும் நீண்ட அலகுக்கு ஆங்கிலத்தில் ‘பார்’ என்று பெயர் என்பதால், அதற்கு விடும் ‘பார் ஓயில்’ மதுக்கூடத்து எண்ணெய் ஆகிறது. அமெரிக்காவில் கலனுக்கு இத்தனை டொலர் என்று பெற்றோல் விலை ஏறினால் நம் செய்திகளில் ‘எரிவாயு விலை’ ஏறுகிறது. வாயுவைக் கலனில் அளந்து ஊற்றுகிறார்களா என்று ஒருவரும் நின்று கேட்பதில்லை. திருத்தகத்தில் ஒரு அரை மணி நேரம் நின்று, அங்கே புழங்கும் பேச்சைக் கேட்டிருந்தால் பாதிப் பிழை வந்திராது.

மிகக் கேடானது ‘கிக்பேக்’. அதை ‘கையூட்டு’ என்று போட்டதைக் கண்டேன். ‘பின்வாங்கல்’ என்றும் போட்டிருக்கிறார்கள். முதலாவது இலஞ்சம். இரண்டாவது அமைதியாகப் பின்னால் போவது. நடப்பது இரண்டுமல்ல. அலகின் நுனியில் மேற்கால்பகுதி மரத்தில் பட்டால், ஓடும் பல் கடித்து, முழு வாளும் கண் இமைக்குமுன் மேலே எகிறி அரிகிறவரின் முகத்துக்கும் தோளுக்கும் வருகிறது. துவக்கு உதைக்கும் என்று நாம் சொல்வதில்லையா? இதுவும் அந்த உதைதான். ‘எதிருதை’ என்று சொல்லாக்கலாம், வசனமாக எழுதினால் இன்னும் நல்லது: ‘அலகு நுனியின் மேற்பக்கத்தால் அரிய வேண்டாம், வாள் முகத்துக்கு உதைக்கும். ஸ்ராட் செய்யுமுன் சங்கிலி பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள்.’