ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது

போனில் வந்தவர் குரலைத் தாழ்த்தியே பேசினார். மாடிப்படியில் நின்றிருப்பார் போல, லேசாக எதிரொலித்தது. "தெரியாத கம்பெனி ஒண்ணு மாசாமாசம் காசு எடுக்குது சார். என் கார்டை யாரோ திருடியிருக்காங்க." அவர் கணக்கைத் திரையில் திறந்தேன். ஒரே தொகை, ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதி, ஏழு முறை. எந்தத் திருடனும் இவ்வளவு ஒழுங்காகத் தேதி பார்த்து வரமாட்டான்.

"டேட்டிங் ஆப் ஏதாவது வெச்சிருந்தீங்களா சார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அதை அப்பவே டெலீட் பண்ணிட்டேனே!" என்றார்.

வங்கியில் கார்டு புகார்களைப் பார்க்கும் மேசை என்னுடையது. இந்தப் பதிலை அங்கே அடிக்கடி கேட்கிறேன். போனில் இருந்து ஆப்பை நீக்கினால் திரையில் இருக்கும் அதன் சின்னப் படம்தான் போகும், சந்தா ஒப்பந்தம் அப்படியே இருக்கும். படிக்காமல் மூலையில் போட்டுவைத்தாலும் பேப்பர் பில் வரத்தானே செய்கிறது?

ரத்து செய்யக் கிளம்பும் முன் பணத்தை எடுப்பது யார் என்று பாருங்கள். ஸ்டேட்மென்ட்டில் ஆப்பிள் அல்லது கூகுள் பெயர் இருந்தால் சந்தா அவர்கள் வழியாகப் போகிறது என்று அர்த்தம். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் போய் உங்கள் பெயரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்று ஒரு வரி இருக்கும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரின் மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் பகுதிக்குள் போக வேண்டும். அங்கே பட்டியல் காலியாக இருந்தால் உடனே நிம்மதி அடையாதீர்கள். போனில் இரண்டு மெயில் கணக்கு வைத்திருப்பவர்களுக்குச் சந்தா பெரும்பாலும் மற்றொன்றில்தான் ஒளிந்திருக்கும். இணையத்தில் பணம் கட்ட உதவும் பேபால் சேவை வழியாகக் கட்டியிருந்தால், பேபாலின் தானியங்கிக் கட்டணங்கள் பகுதியிலேயே நிறுத்தலாம். இணையதளத்தில் நேரடியாகக் கார்டு எண் கொடுத்திருந்தால் அந்தத் தளத்துக்கே போய்த்தான் ரத்து செய்தாக வேண்டும். ஆப்பிளாலும் கூகுளாலும் அதில் ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்டேட்மென்ட்டில் ஆப்பின் பெயருக்குப் பதில் தாய் நிறுவனத்தின் பெயரோ, பில் போடும் வேறு நிறுவனத்தின் பெயரோ வரலாம். வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நினைப்பவருக்கு அது வசதிதான். ஆனால் ஏழு மாதம் கழித்து அவருக்கே அது என்னவென்று தெரியாமல் போகிறது.

இன்னொரு தப்பு, கோபத்தில் முதலில் ப்ரொஃபைலை அழிப்பது. அழித்தபின் உள்ளே நுழைய முடியாது, தளத்தில் நேரடியாகக் கட்டியவர்களுக்கு ரத்து செய்யும் பொத்தானும் உள்ளேதான் இருக்கும். சந்தாவை நிறுத்துங்கள், உறுதி மெயில் வரட்டும், ப்ரொஃபைலை அதற்கப்புறம் அழித்துக்கொள்ளலாம்.

அந்த மெயிலை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தே ரத்து செய்தார். முதல் திரை, ஏன் போகிறீர்கள் என்று கேட்டு ஆறு காரணங்களைக் காட்டியது. அடுத்தது பாதி விலைக்குத் தருகிறோம் என்றது. அதற்கடுத்து, மூன்று பேர் உங்களை விரும்பியிருக்கிறார்கள் என்று மங்கலான மூன்று முகங்கள், கீழே பெரிய சிவப்புப் பொத்தானில் 'தொடர்கிறேன்'. 'இல்லை, ரத்து செய்' என்பது சாம்பல் நிறத்தில், பொத்தான் என்றே தெரியாத ஒரு வரி. அவர் சிவப்பை அழுத்திவிட்டு, "முடிஞ்சுது மேடம்" என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னார். முடியவில்லை. மறுபடி முதல் திரையில் இருந்து தொடங்கினோம்.

இப்படிப்பட்ட வடிவமைப்புக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று 2010இல் பெயர் வைத்தவர் இணைய வடிவமைப்பு நிபுணர் ஹாரி பிரிக்னல். சேர்வது சுலபம், விலகுவது கஷ்டம் என்ற வகையை அவர் கரப்பான் பொறி என்றார். அபிமன்யு கதை கேட்டு வளர்ந்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

இது புலம்பலோடு நின்ற விஷயமும் அல்ல. அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், மேட்ச் டாட் காம் என்ற டேட்டிங் தளத்தை நடத்தும் மேட்ச் குரூப் மீது 2019இல் வழக்குப் போட்டது. ரத்து செய்யும் வழியைக் குழப்பமாக வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. வங்கியில் புகார் செய்தவர்களின் கணக்கையே முடக்கினார்கள் என்பது இன்னொன்று. 2025 ஆகஸ்டில் 1.4 கோடி டாலர் தரவும், ரத்து செய்வதை எளிதாக்கவும் நிறுவனம் ஒப்புக்கொண்டு சமரசம் ஆனது. சேர்வதைப் போலவே விலகுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்று அதே கமிஷன் 2024இல் கொண்டுவந்த பொது விதி மட்டும் 2025 ஜூலையில் நீதிமன்றத்தில் அடிபட்டுப் போனது. ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் சந்தா விற்பவர்கள் ரத்துப் பொத்தானையும் தளத்தில் கண்ணில் படும்படி வைத்தாக வேண்டும்.

இலவச ட்ரையல் எடுப்பவர்கள், தொடங்கிய அன்றே ரத்து செய்துவிடலாம். பெரும்பாலான ஆப்களில் காலம் முடியும் வரை பயன்படுத்த முடியும். கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், ஆப்பிளில் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்திருக்க வேண்டும். விலையையும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். சில ஆப்களில் பெரிய எழுத்தில் ஒரு வாரத்துக்கான கணக்கு இருக்கும், கார்டில் போவது ஆறு மாதத் தொகை மொத்தமாக.

"கார்டையே பிளாக் பண்ணிடுங்க" என்று பலர் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. விசாவும் மாஸ்டர்கார்டும் புதுப்பித்த கார்டு விவரங்களை, சந்தா வசூலிக்கும் நிறுவனங்களுக்குத் தாமாகவே சேர்க்கும் சேவை வைத்திருக்கின்றன. மின்சார பில் தடைபடக் கூடாது என்பது போன்ற நல்ல நோக்கம்தான். அதே வழியில் உங்களுக்கு வேண்டாத சந்தாவும் புது கார்டுக்குக் கூடவே வந்துவிடும்.

சரி, ரத்து செய்தும் பணம் எடுத்துவிட்டார்கள். அப்போது எங்களிடம் வாருங்கள், ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு, "இதை நான் செய்யவே இல்லை" என்று மோசடிப் புகார் எழுதித் தருகிறவர்கள் நிறைய. நிறுவனம் பதிலுக்கு என்ன அனுப்பும் தெரியுமா? நீங்கள் உள்ளே நுழைந்த தேதிகள், எந்த இணைய இணைப்பில் இருந்து வந்தீர்கள் என்று காட்டும் ஐபி முகவரி, எந்த போன் என்று எல்லாவற்றையும். புகார் அங்கேயே படுத்துவிடும். 'ரத்து செய்தேன், அதற்குப் பிறகும் எடுத்தார்கள்' என்பது வேறு வகைப் புகார், அதற்குத் தனி விதி இருக்கிறது. ரத்து செய்த தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட்டோ மெயிலோ இருந்தால் உங்கள் பக்கம் பலமாகும். விசா விதியில் இதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம்.

தளத்தில் வழியே கிடைக்காவிட்டால் மெயில் எழுதுங்கள். பதிவு செய்த மெயில் முகவரி, இன்றைய தேதி, 'சந்தாவை ரத்து செய்கிறேன், இனி என் கார்டில் எடுக்க அனுமதி இல்லை' என்ற இரண்டு வரி, அவ்வளவு போதும். ஆனால் தேடுபொறியில் கஸ்டமர் கேர் எண் தேடிப் போன் செய்யவே செய்யாதீர்கள். ரீஃபண்ட் தருகிறேன் என்று ஓடிபி கேட்பவனும், திரையைப் பார்க்கும் ஆப்பைப் போடச் சொல்பவனும் அங்கேதான் காத்திருக்கிறார்கள்.

மாடிப்படிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் ரத்தே செய்திருக்கவில்லை, அதனால் வங்கி வழியாக எதையும் மீட்க இடமில்லை. அதை நேராகவே சொன்னேன். தளத்துக்குள் போய் நிறுத்தச் சொல்லி, நிறுவனத்துக்குப் பணிவாக ஒரு மெயில் போடச் சொன்னேன். கடைசி மாதத்துத் தொகையை மட்டும் திருப்பித் தந்தார்கள். ஆறு மாதம் போனது போனதுதான். அதைச் சொல்லத்தான் மறுபடி கூப்பிட்டார் என்று நினைத்தேன். வைக்கும் முன் மெதுவாகக் கேட்டார்:

"இது சம்பந்தமா வீட்டுக்கு லெட்டர் ஏதும் வருமா சார்?"

"வராது சார். நாங்க புகாரே பதியலையே."