50 இருக்கை ஜெட்டுக்குள் எந்தக் கருவி எடுபடும்?

பெரிய விமானத்தில் சுகமாகப் பயன்படும் கருவி, சிறிய பிராந்திய ஜெட்டில் சுமையாகிவிடுவது உண்டு. எல்லாம் விமானத்தின் குறுக்களவு செய்யும் வேலை. ஏர்பஸ் ஏ320-ன் கேபின் உட்புற அகலம் 3.7 மீட்டர். 50 பேர் அமரும் பம்பார்டியர் சிஆர்ஜே-200-ல் அது சுமார் 2.5 மீட்டர். எம்ப்ரேயர் இஆர்ஜே-145-ல் 2.1 மீட்டர்தான், உயரமும் 1.82 மீட்டரோடு நின்றுவிடுகிறது. ஆறடி உயரக்காரர் தலை தட்டாமல் நடைபாதையில் நிற்க முடியாது.

அகலம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் தலைக்கு மேலுள்ள பெட்டகமும் மூன்றில் ஒரு பங்குதான் குறையும் என்று தோன்றும். உண்மையில் அது அதைவிட அதிகம் சுருங்குகிறது. கூரையும் பக்கச் சுவரும் வளைந்து சேரும் மூலையில்தான் பெட்டகம் இருக்கிறது. விமான உடல் என்ற குழாய் சிறுத்தால் முதலில் காணாமல் போவது அந்த மூலை. இஆர்ஜே-145-ல் ஒரு பக்கம் ஒற்றை இருக்கை, மறுபக்கம் இரட்டை இருக்கை. ஒற்றை இருக்கைப் பக்கம் மேலே பெட்டகமே கிடையாது. அதனால் 55 செ.மீ. உயர ட்ராலி பை இந்த விமானங்களில் மேலே ஏறாது. விமான வாசலிலேயே சீட்டுக் கட்டி வாங்கி, சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். 2.74 மீட்டர் அகலமுள்ள எம்ப்ரேயர் இ-175 வகையில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அடிக்கடி பறப்பவர்கள் டிக்கெட் எடுக்குமுன் விமான வகையைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

பை கைமாறும் அந்த அரை நிமிடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். கேபினுக்குள் கொண்டுபோக நினைத்து அடுக்கிய பை அது. உள்ளே பவர் பேங்க் இருக்கும், உதிரி பேட்டரி இருக்கும், சிலரிடம் மின் சிகரெட்டும் இருக்கும். மூன்றுமே சரக்கறைக்குப் போகக் கூடாதவை. லேப்டாப்பும் டேப்லெட்டும் போகலாம். ஆனால் உறக்க நிலையில் விடாமல் முழுக்க அணைத்திருக்க வேண்டும், அடிபடாதபடி பொதிந்திருக்க வேண்டும். பையைத் தேடிக் கண்டுபிடிக்க வைக்கும் புளூடூத் வில்லைக்கு இந்தக் கவலை இல்லை. அதிலுள்ள காசு வடிவ பேட்டரியில் லித்தியம் சுமார் 0.1 கிராம்தான், இயங்கும் நிலையில் சரக்கறைக்குப் போகும் கருவிக்கு வரம்பு 0.3 கிராம்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் யாரும் அலட்சியமாக இருக்க மாட்டார்கள். லித்தியம்-அயனி செல்லில் நேர்முனையையும் எதிர்முனையையும் பிரிப்பது சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் வரை தடிமனுள்ள ஒரு நெகிழித் தாள். நசுங்கல், உற்பத்திக் குறை, அளவுமீறிய சார்ஜ் ஆகியவற்றில் ஏதோ ஒன்றால் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அந்த இடம் சூடாகும். 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது எதிர்முனையின் மேலுள்ள காப்புப் படலம் சிதையத் தொடங்குகிறது. அந்தச் சிதைவே வெப்பத்தை உமிழும். 130 டிகிரி வாக்கில் பாலிஎத்திலீன் தாள் உருகும். அதன்பின் குறுக்குச்சுற்று செல் முழுவதும் பரவும், நேர்முனைப் பொருள் ஆக்சிஜனை வெளிவிடும், எளிதில் தீப்பற்றும் மின்பகு திரவம் ஆவியாகிப் பீறிடும். ஒரு செல் வெடித்த சூடு பக்கத்துச் செல்லைத் தொடங்கி வைக்கும்.

சரக்கறையில் தீயை அடக்க இருப்பது ஹாலோன் 1301 வாயு. தீச்சுவாலையில் நடக்கும் வேதிச் சங்கிலியை அது அறுத்துவிடும். எரியும் அட்டைப்பெட்டியை அணைத்துவிடும். ஆனால் செல்லுக்குள் பிறக்கும் வெப்பத்தை அதனால் வெளியேற்ற முடியாது. சுவாலை அடங்கினாலும் அடுத்தடுத்த செல்கள் சூடேறிக்கொண்டே இருக்கும். கேபினில் நடந்தால் கதை வேறு. ஊழியர்கள் முதலில் கைத் தீயணைப்பானால் சுவாலையை அடக்கிவிட்டு, தண்ணீரையோ மது கலக்காத வேறு பானத்தையோ தொடர்ந்து ஊற்றிக் குளிரவைப்பார்கள். பனிக்கட்டியைப் போடக் கூடாது. அது மேலே போர்த்தி வெப்பத்தை உள்ளேயே தேக்கிவிடும். கைபேசி இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால் இருக்கையை நகர்த்தாமல் ஊழியரை அழைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். இருக்கையின் இரும்புக் கீல் கைபேசியை நசுக்கினால் மேலே சொன்ன தொடர் அங்கேயே ஆரம்பிக்கும். இருக்கைகள் நெருங்கிக் கிடக்கும் சிறிய ஜெட்டில் இப்படிக் கைபேசியை நழுவவிடுவது மிக எளிது.

பவர் பேங்க் வாங்கும்போது பார்க்க வேண்டிய அலகு வாட்-மணி. மில்லி ஆம்பியர்-மணியை ஆயிரத்தால் வகுத்து, செல்லின் வோல்டேஜால் பெருக்க வேண்டும். பெரும்பாலும் அது 3.7 வோல்ட். அப்படிப் பார்த்தால் 10,000 என்பது 37 வாட்-மணி, 20,000 என்பது 74. 100 வரை யாரையும் கேட்காமல் கேபினில் எடுத்துச் செல்லலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டு மட்டும். அதற்கு மேல் பயணிக்கு இடமில்லை. கடைகளில் 26,800 என்ற விநோத எண் தென்படுகிறதே, அதுவும் இந்த வரம்பை ஒட்டி வந்ததுதான்: 3,350 அளவுள்ள எட்டுச் செல்களைச் சேர்த்தால் 26,800, பெருக்கினால் 99.16 வாட்-மணி. 16 அங்குல மேக்புக் ப்ரோவின் பேட்டரி 100-க்கு மயிரிழை கீழே நிற்பதும் தற்செயல் அல்ல. மேலே அச்சிட்ட எண் தேய்ந்து அழிந்த பவர் பேங்கைச் சோதனையில் எடுத்து வைத்துவிடலாம், வாதாட இடமில்லை.

ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு 20,000 தேவையா? பெரும்பாலும் இல்லை. 5,000 பேட்டரி உள்ள கைபேசி ஏறக்குறைய 19 வாட்-மணி கேட்கும். பவர் பேங்க் 3.7 வோல்ட்டை 5 அல்லது 9 வோல்ட்டாக உயர்த்தும்போதே 10 முதல் 15 சதவீதம் வெப்பமாகப் போய்விடும். கைபேசிக்குள்ளும் கொஞ்சம் போகும். அப்படியும் 37 வாட்-மணி பவர் பேங்க் கைபேசியை ஒன்றரை முறை நிரப்பிவிடும். சட்டைப் பையில் அடங்கும் அளவு என்பதால் வாசலில் பையைக் கொடுக்கும்போது அதைத் தோண்டி எடுக்க வேண்டியதுமில்லை.

எடுத்துச் செல்வது ஒரு விதி, பறக்கும்போது பயன்படுத்துவது இன்னொரு விதி. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் நின்றிருந்த ஏர் பூசான் விமானம் தீக்கிரையானது. பவர் பேங்க் மீது சந்தேகம் விழுந்தது. அதே ஆண்டு மார்ச் முதல் தென்கொரியா பவர் பேங்கை மேல் பெட்டகத்தில் வைக்கத் தடை விதித்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரல் முதலும், எமிரேட்ஸ் அக்டோபர் முதலும் பறக்கும்போது அதைப் பயன்படுத்துவதையே நிறுத்தின. ஆகவே ஏறுமுன் கைபேசியை நிரப்பிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இருக்கையில் சார்ஜ் செய்ய வசதி இருக்குமே என்றால், 50 இருக்கை ஜெட்களில் அதை எதிர்பார்க்க வேண்டாம். சிஆர்ஜே-200-ன் இரண்டு எஞ்சின்களிலும் தலா 30 கிலோவோல்ட்-ஆம்பியர் மின்னாக்கி உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது விமானத்தைத் தாங்க வேண்டும். இருக்கைக்கு 75 வாட் வீதம் 50 பேருக்குக் கொடுத்தால் 3.75 கிலோவாட், ஒற்றை மின்னாக்கியின் திறனில் அது எட்டில் ஒரு பங்கு. இஆர்ஜே-145-ன் அடிப்படை மின்சாரமே 28 வோல்ட் நேர்மின்சாரம் என்பதால், சுவர்ப் பிளக்குக்கு ஏற்ற மாறுமின்சாரம் வேண்டுமானால் தனியே மாற்றிகள் பொருத்த வேண்டும். கம்பி, மாற்றி, சான்றிதழ், எடை எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குக் கட்டுபடியாகாத செலவாகிவிடுகின்றன.

இனி சத்தம். சிஆர்ஜே-யிலும் இஆர்ஜே-யிலும் எஞ்சின்கள் வாலருகே உடலோடு ஒட்டியிருக்கும். கடைசி வரிசைகளில் உட்காருபவருக்கு அது காதில் மட்டுமல்ல, இருக்கை வழியாக முதுகிலும் கேட்கும். நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழலும் தண்டு 100 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை எழுப்பும். இரண்டு எஞ்சின்களுக்கும் இடையே 30 சுற்று வேறுபாடு இருந்தால், இரண்டு வினாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் 'வ்வூம்... வ்வூம்' பிறக்கும். எஞ்சின்களை ஒத்திசைக்கும் ஏற்பாடு இருந்தாலும் சில நேரம் அது காதில் விழத்தான் செய்யும்.

இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன் இந்த இடத்துக்கென்றே செய்தது போலப் பொருந்துகிறது. போஸ் நிறுவனத்தை நிறுவிய அமர் போஸ் இந்த எண்ணத்தை வளர்த்தெடுத்ததே 1978-ல் ஒரு விமானப் பயணத்தில்தான். வெளியே ஒரு மைக், உள்ளே ஒரு மைக். வரும் ஒலி அலையைக் கணித்து, அதற்கு நேர் எதிரான அலையை ஒலிபெருக்கி வெளியிடும். இரண்டும் சரியாக எதிரெதிர் கட்டத்தில், அதாவது ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழும்படி, சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சரியாக என்பதில்தான் சிக்கல். கட்டம் 10 பாகை பிசகினாலே 17 சதவீத ஒலி மிஞ்சும். அதாவது குறைவு 15 டெசிபலோடு நின்றுவிடும். 100 ஹெர்ட்ஸில் 10 பாகை என்பது 0.28 மில்லி வினாடி. சுற்றுக்கு அது தாராளமான அவகாசம். 1,000 ஹெர்ட்ஸிலோ 0.028 மில்லி வினாடிதான். அந்த நேரத்தில் ஒலி ஒரு சென்டிமீட்டர்கூட நகராது. அதனால்தான் எஞ்சின் உறுமல் மறைந்தாலும் குழந்தையின் அழுகையும் அறிவிப்பும் கேட்கின்றன. உயர் அதிர்வெண்ணைத் தடுப்பது காதைச் சுற்றிய பஞ்சுதான், மின்னணு அல்ல.

இதிலிருந்து ஒரு விஷயம் பிடிபடும். முன்வரிசைகளில் எஞ்சின் ஒலி குறைவு. அங்கே கேட்பது காற்று உடலைத் தேய்க்கும் பரந்த 'ஷ்ஷ்' இரைச்சல். அதற்கு இறுக்கமாக மூடும் எளிய இயர்பட் போதும். பின்வரிசை என்றால் காதை முழுக்க மூடும் இரைச்சல் நீக்கி அதன் விலைக்குத் தகும். கண்ணாடி அணிபவர்கள் கவனிக்க வேண்டியது: கண்ணாடிக் கால் பஞ்சுக்கும் தோலுக்கும் இடையே விடும் இடைவெளி வழியாகத் தாழ் அதிர்வெண் உள்ளே கசியும், மைக்கின் கணக்கும் தப்பும். மெல்லிய கால் உள்ள கண்ணாடி கைகொடுக்கும்.

காதுக்குள் செருகும் வகையை இறங்கும்போது கழற்றிவிடுவது நல்லது. உச்சத்தில் கேபின் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு ஈடானது, சுமார் 750 ஹெக்டோபாஸ்கல். தரையில் 1,013. அந்த வேறுபாடு 20, 25 நிமிடத்தில் திரும்ப ஏறும்போது, அடைத்த காதுக்குழாயில் சிக்கிய காற்றும் வலியில் தன் பங்கைச் சேர்க்கும். கைபேசியில் அழுத்தமானி இருந்தால் இந்த ஏற்றத்தைத் திரையிலேயே பார்க்கலாம். கைக்கடிகாரம் '2,300 மீட்டர் உயரம்' என்று காட்டினால் அது பழுதல்ல. அது கேபினின் உயரத்தைச் சொல்கிறது, விமானத்தின் உயரத்தை அல்ல.

விமான நிலைக்கு (ஏர்பிளேன் மோடுக்கு) மாற்றினாலும் பெரும்பாலான கைபேசிகளில் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது சமிக்ஞையைப் பெறும் கருவி மட்டுமே, எதையும் ஒலிபரப்புவதில்லை. ஆனால் உலோக உடல் வானத்தை மறைப்பதால் ஜன்னலோரத்தில்தான் பிடிக்கும். இடம் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள் வேண்டும். ஒவ்வொன்றும் தன் பாதை விவரத்தை 30 வினாடிக்கு ஒரு முறை ஒலிபரப்பும். நடுவில் அறுந்தால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். தரையில் இணையம் இருக்கும்போதே வரைபடத்தை இறக்கி, ஒரு முறை இடத்தைப் பிடிக்கவைத்துவிட்டு ஏறினால் மேலே உடனே பிடித்துக்கொள்ளும். விமான நிலைக்கு மாற்றாத கைபேசியோ, எட்டாத கோபுரங்களைத் தேடித் தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும்.

லேப்டாப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னிருக்கைக்காரர் சாய்ந்தால், திரையின் மேல் விளிம்பு அவருடைய இருக்கை முதுகுக்கும் தட்டு மேசைக்கும் இடையே நெரிபடும். கண்ணாடி விரிசல் விடுவது அங்கேதான். 11 அங்குல டேப்லெட்டுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு.

வைஃபை மட்டும்தான் சிறிய ஜெட்டுக்குச் சாதகமாகத் திரும்பியிருக்கிறது. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகக் கோரிக்கை போய்ப் பதில் வந்துசேர ஏறக்குறைய அரை வினாடி ஆகும்; அதைக் குறிபார்த்துத் திரும்பும் தட்டு ஆன்டெனாவுக்கு முதுகில் ஒரு பெரிய திமில் வேண்டும். சிறிய விமானத்துக்கு அந்த எடையும் காற்றிழுவையும் அதிகம். 550 கிலோமீட்டர் உயரச் செயற்கைக்கோள்களைத் தொடர, அசையும் பாகமே இல்லாத தட்டையான ஆன்டெனா போதும். நூற்றுக்கணக்கான சிறு அலகுகள் கட்ட வேறுபாட்டால் கதிரைத் திருப்பிக்கொள்கின்றன. ஹெட்ஃபோனில் செய்த அதே அலைக் கணக்கு, இங்கே அழிப்பதற்குப் பதில் கூட்டுவதற்கு. அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனம் 2025 மே மாதம் இத்தகைய தாழ்வான செயற்கைக்கோள்கள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்கை முதலில் பொருத்திப் பறக்கவிட்டது தன் பெரிய விமானங்களில் அல்ல, எம்ப்ரேயர் இ-175-ல். இணைக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கிடைத்தால் அதையே எடுங்கள். 2.4-ல் உங்கள் புளூடூத் ஹெட்ஃபோனும் சக பயணிகளின் ஹெட்ஃபோன்களும் ஏற்கெனவே மோதிக்கொண்டிருக்கும். பாட்டு விட்டுவிட்டு ஒலிக்க அதுவும் ஒரு காரணம்.