பிழையான கடவுச்சொல்லுக்குப் பிறகு

பயனரை உள்ளே விடுவதற்கு எழுதும் நிரலைப் பத்துப் பேர் பார்க்கிறார்கள். அந்த வேலை முடிந்ததும் எழுதவேண்டிய ஓரிரு வரிகளை ஒருவரும் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்து இளம் நிரலாளர்கள் அனுப்பும் நிரல்களைச் சரிபார்க்கும்போது நான் அதிகம் திருப்பி அனுப்புவது அந்த வரிகளுக்காகத்தான்.

லினக்ஸில் பயனரைச் சரிபார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் பேம் (PAM) என்ற நிரலகத்திடம், அதாவது மற்ற மென்பொருள்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பிடம், இருக்கிறது. 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர்கள் முன்வைத்த ஏற்பாடு இது. கடவுச்சொல்லை எங்கே, எப்படிச் சரிபார்ப்பது என்பது மென்பொருளுக்கு வெளியே, ஓர் அமைப்புக் கோப்பில் இருக்கும். ‘பேம்_ஸ்டார்ட்’ என்று அழைத்தால் ஒரு பிடி, அதாவது அந்தச் சரிபார்ப்பைக் குறிக்கும் அடையாளம், கிடைக்கும். அடுத்த அழைப்புகள் எல்லாம் அந்தப் பிடியை வைத்தே நடக்கும். ‘பேம்_எண்ட்’ அதை விடுவிக்கும்.

இங்கே ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு மென்பொருள் வாரத் தொடக்கத்தில் ஒழுங்காக ஓடும். வெள்ளிக்கிழமை அளவில் யாரையும் உள்ளே விடாது. சேர்வரை நிறுத்தி இயக்கினால் மறுபடி ஓடும். முதலில் மின்வெட்டின்மேல் பழி விழுந்தது. பற்றரியை மாற்றினார்கள். புதிய இயந்திரத்துக்கு விலைகூட விசாரித்துவிட்டார்கள். திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், பயனர் விவரங்களை வைத்திருக்கும் எல்டாப் (LDAP) சேர்வரின் 389ஆம் துறைக்கு (port) நூற்றுக்கணக்கான இணைப்புகள் திறந்தபடி கிடந்தன. ஒரு செயல்முறை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கக்கூடிய கோப்புகளுக்கும் இணைப்புகளுக்கும் சேர்த்து லினக்ஸில் வழக்கமான எல்லை 1024. அதைத் தொட்டுவிட்டால் சரியான கடவுச்சொல் கொடுப்பவருக்கும் வழியில்லை.

சரியான கடவுச்சொல்லுக்கான பாதை நிரலில் முழுமையாகவே இருந்தது. பிழையான கடவுச்சொல் வந்தால் மட்டும், செய்தியைக் காட்டிவிட்டு அந்த இடத்திலேயே ‘ரிட்டர்ன்’ என்று வெளியேறிவிடும். பேமுக்காக எல்டாப் சேர்வரோடு பேசும் கூறு தன் இணைப்பை அந்தப் பிடியோடு சேர்த்துத்தான் வைத்திருந்தது. பேம்_எண்ட் அழைக்கப்படாததால் இணைப்பும் மூடப்படவில்லை. “அண்ணா, கடவுச்சொல் பிழை என்றால் வேலை அதோடு முடிந்துவிட்டதுதானே?” என்று அதை எழுதிய தம்பி கேட்டார். பயனருக்கு முடிந்துவிட்டது, நிரலகத்துக்கு முடியவில்லை. மனிதர்கள் கடவுச்சொல்லைப் பிழையாக அடித்துக்கொண்டே இருப்பார்கள். வெளியிலிருந்து வேண்டுமென்றே அடிப்பவரும் உண்டு. அப்படி ஒருவர் வந்தால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை, சில நிமிடங்களிலேயே சேவை முடங்கிவிடும்.

வெளியேறும் பாதைகள் எத்தனை இருந்தாலும் அவை ஒரே இடத்தில் வந்து சேரட்டும். பேம்_எண்ட் அங்கே இருக்கட்டும். அதற்குக் கடைசி அழைப்பின் விடையையும் கொடுக்க வேண்டும். பலர் கண்ணை மூடிக்கொண்டு ‘வெற்றி’ என்று எழுதிவிடுகிறார்கள். உள்ளே துப்புரவு செய்யும் கூறுகள் அந்த விடையைப் பார்த்தே நடக்கக்கூடும் என்பதால் அங்கே பொய் சொல்லக்கூடாது. பேம்_எண்ட் ஆனபின், பிடியிலிருந்து வாங்கிய பயனர் பெயரின் சுட்டியை, அதாவது அது நினைவகத்தில் இருக்கும் இடத்தின் முகவரியை, தொடக்கூடாது. பெயர் தேவையென்றால் முன்பே பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்த பயனருக்கு அமர்வைத் திறந்திருந்தால் முதலில் அதை மூட வேண்டும். ரூட் எனும் முழு நிர்வாக உரிமையைத் துறந்த செயல்முறையால் அதைச் சரிவரச் செய்யமுடியாமல் போகலாம் என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள்.

தொடக்கத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று மட்டும்: பேம்_ஸ்டார்ட்டை அழைக்கும்போது சேவையின் பெயரைக் கொடுக்கிறோம், அந்தப் பெயரில் உள்ள அமைப்புக் கோப்பைத்தான் பேம் தேடும். சேவையின் பெயரில் ஓர் எழுத்து பிழைத்தாலும் பேம் சத்தம் போடாது. ‘அதர்’ என்ற பொதுக் கோப்பின் விதிகளை எடுத்துக்கொண்டு போய்விடும். அந்தக் கோப்பு எல்லாவற்றையும் மறுப்பதாக இருப்பதே பாதுகாப்பு.

நிரலை ஏற்கும் முன் நான் கேட்கும் சோதனை எளியது. சோதனை இயந்திரத்தில் 2,000 தடவை பிழையான கடவுச்சொல்லை அனுப்புங்கள். அந்தச் செயல்முறை திறந்து வைத்திருக்கும் இணைப்புகளை முன்னும் பின்னும் எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறியிருந்தால் நிரல் திரும்பிப் போகும்.