எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத வசனம்

ஊட்டியிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில், ஒன்பதாவது மைல் புல்வெளியில் படப்பிடிப்பு நடக்கும்போது வேடிக்கை பார்க்க நிற்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி ஒன்றுண்டு. தமிழ் தெரியாத நடிகைக்கு உதவி இயக்குநர் கேமராவுக்கு அப்பால் நின்று வசனத்தைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுப்பார். சினிமாக்காரர்கள் பிராம்ப்டிங் என்று சொல்லும் இந்த முறையில் உச்சரிப்பு பிசகினாலும் கவலையில்லை. டப்பிங்கில் வேறொருவர் குரல் அதைச் சரிசெய்துவிடும். படத்தில் வரும் அனைவருமே தமக்குத் தெரியாத மொழியில், தம் சொந்தக் குரலில் பேச வேண்டும் என்றால்தான் சிக்கல் தொடங்குகிறது. எஸ்பெராண்டோ என்னும் செயற்கை மொழியைப் பயன்படுத்திய படங்கள் இந்தச் சிக்கலைச் சந்தித்தன.

வார்சாவில் வாழ்ந்த கண் மருத்துவர் லுட்விக் சாமென்ஹோஃப் 1887இல் வெளியிட்ட இம்மொழி, வெவ்வேறு நாட்டினர் சமமாக நின்று பேசிக்கொள்வதற்கென உருவாக்கப்பட்டது. திரைப்படமோ அதை நாட்டை மறைக்கும் திரைச்சீலையாகப் பயன்படுத்திக்கொண்டது. 1939இல் வந்த ‘இடியட்ஸ் டிலைட்’ படத்தின் மூல நாடகம் இத்தாலியில் நிகழ்வது; இத்தாலியைப் பகைத்துக்கொள்ள விரும்பாத ஸ்டூடியோ, நாட்டின் பெயரை நீக்கிவிட்டு உள்ளூர் மாந்தரை எஸ்பெராண்டோ பேச வைத்தது. அடுத்த ஆண்டு வந்த சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தில், யூதக் குடியிருப்பின் கடைப் பலகைகள் இம்மொழியில் எழுதப்பட்டிருந்தன. பழைய துணிக் கடையின் பலகையில் ‘வெஸ்தாஜோய் மால்நோவாய்’ என்றிருக்கும். ‘நோவா’ என்றால் புதிய. ‘மால்’ என்ற முன்னொட்டு சேர்ந்தால் எதிர்ப்பொருள், அதாவது பழைய. ஈற்றிலுள்ள ‘ய்’ பன்மையைக் காட்டுகிறது. பெயரும் அடையும் இரண்டுமே அதை ஏற்கின்றன. பெயர்ச்சொல் ‘ஓ’வில் முடியும், பெயரடை ‘ஆ’வில் முடியும், நிகழ்கால வினை ‘ஆஸ்’ என்று முடியும், விலக்குகள் இல்லை. அதனால் பார்வையாளருக்குப் பொருள் புரியாவிட்டாலும், வெறும் உளறலில் இல்லாத ஓர் ஒழுங்கு காதில் விழுகிறது. உளறலைக் காது வெகு விரைவில் கண்டுபிடித்துவிடும் என்பதால், இயக்குநருக்கு இது கையில் கிடைத்த ஆயத்தப் பொருள்.

ஒழுங்கு காகிதத்தில் இருந்தால் போதாது, வாயிலும் இருக்க வேண்டும். லெஸ்லி ஸ்டீவன்ஸ் இயக்கி, வில்லியம் ஷாட்னர் நடித்து 1966இல் வெளிவந்த ‘இன்குபஸ்’ முழுக்க எஸ்பெராண்டோவில் எடுக்கப்பட்டது. நடிகர்கள் ஒலிகளை மனப்பாடம் செய்து பேசினார்கள். சான் பிரான்சிஸ்கோ திரையிடலுக்கு வந்திருந்த எஸ்பெராண்டோ ஆர்வலர்கள் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். காரணம் எளியது. அறியாத ஒலியைக் கேட்கும் மூளை, அதைத் தன் தாய்மொழியின் ஒலி வார்ப்புகளில் மிக அருகிலுள்ளதில் அடைத்துவிடுகிறது. எஸ்பெராண்டோவில் அழுத்தம் எப்போதும் ஈற்றயலசையில், அதாவது கடைசிக்கு முந்தைய அசையில் விழும். ஐந்து உயிரொலிகளும் எங்கு வந்தாலும் தேயாமல் ஒலிக்கும். நண்பனைக் குறிக்கும் ‘அமீகோ’ என்ற சொல்லில் முதல் அகரம் தெளிவாக ஒலிக்க வேண்டும்; ஆங்கிலம் பேசும் வாயோ அழுத்தமில்லாத உயிரை மங்க வைத்து, ஈற்று ஓகாரத்தை ‘ஓவ்’ என்று இழுக்கிறது. இதைவிடப் பெரிய குறை, வாக்கியத்தில் எந்தச் சொல் கனமானது என்று தெரியாமல் பேசுவது. அதற்குச் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழ் வாய்க்கு உயிரொலிகளும் ரகரமும் சிரமம் தராது. வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால்தான் வம்பு: ரொட்டியும் குளியலும் இரண்டுமே ‘பானோ’ என்றாகிவிடும். முதலாவதில் ‘பல்’லின் பகரம், இரண்டாவதில் ‘பஸ்’ஸின் பகரம். நம் காது இதைப் பிரித்தறியும் என்பதால் எழுத்தின் மேல் ஒரு குறியிட்டால் தீர்ந்துவிடும். நீலகிரித் தோடர்கள் பேசும் தோடா மொழி வசனமாக இருந்தால் அவ்வளவு எளிதில் தப்ப முடியாது. ஒலியியல் ஆய்வாளர்களான பாஸ்கரராவ், லேடிஃபோகெட் உள்ளிட்டோர் 1996இல் வெளியிட்ட ஆய்வின்படி, அம்மொழியில் நாக்கு அதிரும் ரகரங்கள் மூன்று இடங்களில் பிறக்கின்றன; ஒவ்வொன்றும், நடுநாக்கு மேலண்ணத்தை நோக்கி உயரும் அண்ணச் சாயலோடும் அது இல்லாமலும் வந்து பொருளை மாற்றுகிறது. குறி இட்டாலும் சமவெளிக் காது அவற்றைப் பிரித்துக் கேட்பதற்கு நீண்ட பயிற்சி வேண்டும்.

நீலகிரியில் தோடரும் கோத்தரும் குறும்பரும் மற்றவரோடு பேசுவதற்குப் படுகு மொழியே நெடுங்காலம் பொதுமொழியாக இருந்தது. அது படுகர் சமூகத்தின் தாய்மொழி. தவறைத் திருத்த அடுத்த ஹட்டியிலேயே, அதாவது படுகர் ஊரிலேயே, ஆள் இருந்தது. மதன் கார்க்கி ‘பாகுபலி’க்காக உருவாக்கிய கிளிக்கி இதற்கு நேர் எதிர். 2015இல் படம் வந்தபோது அதைப் பேசியவர்கள் திரையிலுள்ள காலகேயர்கள் மட்டுமே. அவர்கள் உச்சரித்ததே சரியான உச்சரிப்பு. எஸ்பெராண்டோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நாடு இல்லையே தவிர, அதை நாள்தோறும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் டிக்கெட் வாங்கி உட்காருவார்கள். அதனாலேயே 1997இல் வந்த ‘கட்டாகா’ படம் எடுத்துக்கொண்ட வழிதான் மிகச் சரியானது என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே எஸ்பெராண்டோ கட்டடத்தின் ஒலிபெருக்கி அறிவிப்பாக மட்டும் பின்னணியில் வருகிறது. அறிவிப்புக் குரல் எந்த மொழியிலும் தட்டையாகவே இருக்கும் என்பதால், சொற்களின் கனம் தெரிந்து பேச வேண்டிய கட்டாயம் எந்த நடிகருக்கும் ஏற்படவில்லை.