சுவர்க் கலவைக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பவுடர்

ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுத் துளைகள் நிறைந்த, எடை குறைந்த கட்டுமானக் கல்) வைத்துக் கட்டிய சுவரில் இரண்டு கற்களுக்கு நடுவே இருக்கும் இணைப்பைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். சரியான கலவை என்றால் சாவி வழுக்கிக்கொண்டு போகும். சாதாரண சிமென்ட்-மணல் கலவையையே மெல்லிசாகப் பூசிக் கட்டியிருந்தால் பல இடங்களில் மணல் மணலாக உதிரும். சிமென்டைக் குறைத்துவிட்டார் என்று கொத்தனாரைத்தான் திட்டுவோம். பெரும்பாலும் குறை சிமென்டில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது.

கலவை காய்ந்து கெட்டியாகிறது என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். காய்வது வேறு, இறுகுவது வேறு. சிமென்ட் தண்ணீரோடு வேதிவினை புரிந்துதான் கல்லாகிறது. 100 கிலோ சிமென்ட் முழுமையாக வினைபுரிய ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீர் வேண்டும், அதில் 23 லிட்டர் போல சிமென்டின் பகுதியாகவே மாறிவிடும், மீதி அங்கே உருவாகும் மிக நுண்ணிய துளைகளில் சிக்கி நிற்கும். வினை முடிவதற்குள் தண்ணீர் போய்விட்டால் கலவை காய்ந்துவிடும், ஆனால் இறுகியிருக்காது.

செங்கல்லை ஊறவைத்துக் கட்டுவது இதற்காகத்தான். ஏஏசி பிளாக்கை அப்படி ஊறவைக்க முடியாது, உடம்பெல்லாம் துளை, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பிறகு காயும்போது சுருங்கிச் சுவரில் விரிசல் விடும். அதனால் மேலாக ஈரத் துணியால் துடைப்பதோடு சரி. செங்கல் சுவரில் 10 மில்லிமீட்டர் கனத்துக்குக் கலவை இருக்கும், இங்கே 3 மில்லிமீட்டர்தான். இரண்டு பக்கமும் தாகமுள்ள கல், நடுவில் மெல்லிய படலம், மேலே வெயில்.

இந்த இடத்தில்தான் செல்லுலோஸ் ஈதர் என்ற பவுடர் வருகிறது. பஞ்சிலும் மரத்திலும் இருக்கும் அதே செல்லுலோஸ்தான், குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. பஞ்சு தண்ணீரில் நனையும், கரையாது, ஏனென்றால் அந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொண்டு தண்ணீரை ஊடே விடுவதில்லை. காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து அந்தப் பிடியைத் தளர்த்தி, மெத்தில் குளோரைடு, புரோப்பிலீன் ஆக்சைடு ஆகியவற்றோடு வினைபுரிய வைத்தால் சங்கிலியின் பக்கங்களில் சின்னச் சின்னக் கிளைகள் முளைக்கும். அப்புறம் சங்கிலிகளால் நெருங்கி அடுக்கிக்கொள்ள முடியாது, தண்ணீர் உள்ளே புகுந்துவிடும், பஞ்சு கரையும் பவுடராகிவிடும். இதுதான் எச்பிஎம்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் செல்லுலோஸ் ஈதர். (ஈதர் என்றதும் மயக்க மருந்தை நினைக்க வேண்டாம், இது அந்த வேதிப்பிணைப்பின் பெயர்.) கண் உலர்ந்துபோனால் விடும் சொட்டு மருந்துகள் பலவற்றில் இருப்பதும் இதே பொருள்தான், அங்கேயும் ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் வேலை.

கலவையில் இது கரைந்ததும் நீண்ட சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்கின்றன, மணலுக்கும் சிமென்டுக்கும் இடையில் உள்ள தண்ணீர் கொழகொழவென்று ஆகிறது. கல் இழுத்துக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அந்தக் கொழகொழப்பு துளை வழியாக மெல்ல மெல்லத்தான் நகரும். அதற்குள் சிமென்ட் தன் வேலையைத் தொடங்கிவிடும். இதைச் சேர்த்தே விற்கும் ரெடிமேட் கலவைப் பைகள் பலவற்றில் கியூரிங் (கட்டிய பிறகு தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருப்பது) தேவையில்லை என்று அச்சிட்டிருப்பது இந்த நம்பிக்கையில்தான். இன்னொரு குணமும் எனக்கு மிகவும் பிடிக்கும்: கரண்டியால் இழுக்கும்போது இளகி ஓடும், கையை எடுத்ததும் நின்றுவிடும். சுவரில் ஒட்டிய கனமான டைல் சறுக்கிக் கீழே வராமல் இருப்பதில் இதற்குப் பங்கு உண்டு.

எவ்வளவு போடுகிறார்கள் தெரியுமா? டைல் பசையில் 40 கிலோ பைக்கு 100 கிராம் அளவில்தான். கட்டுமானக் கலவைக்கு அதைவிடவும் குறைவாகப் போதும். கூடினால் நல்லது என்று நினைத்து யாரும் தனியாக வாங்கிக் கொட்ட வேண்டாம். அளவு மிஞ்சினால் காற்றுக் குமிழிகள் அதிகமாகும், வலிமை குறையும், சிமென்ட் இறுகுவதும் தள்ளிப்போகும், ஏனென்றால் இந்தச் சங்கிலிகள் சிமென்டில் புதிதாக உருவாகும் படிகங்களின் மேலும் போய் ஒட்டிக்கொள்கின்றன.

நம் ஊர் வெயிலுக்கு முக்கியமான விஷயம் ஒன்று. எச்பிஎம்சி குளிர்ந்த நீரில்தான் கரையும். சூடு ஏற ஏறத் தண்ணீரை விட்டு விலகும், வகையைப் பொறுத்து 60 முதல் 90 டிகிரிக்குள் கூழாகத் திரண்டுவிடும். அந்தச் சூட்டை எட்டுவதற்கு முன்பே அதன் பிடிப்பு குறையத் தொடங்கும். சித்திரை மதியம் வெயில் நேராக விழும் சுவரைத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காது. காலையில் அருமையாக வேலை செய்த அதே பை அங்கே தோற்கும். நிழல் இருக்கும் பக்கமாக வேலையை மாற்றிக்கொள்வது, பையையும் தண்ணீர் டிரம்மையும் வெயிலில் வைக்காமல் இருப்பது, இரண்டும் காசில்லாத வைத்தியம்.

கலக்கும்போது தண்ணீரை முதலில் ஊற்றி, பையில் உள்ள கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மெஷினால் கலக்கி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கலக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடம் சங்கிலிகள் கரைந்து விரிவதற்கு. பூசிய கலவையின் மேல் பாலாடை போலக் காய்ந்த படலம் படர்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டவில்லை என்றால் அதன் மேல் தண்ணீர் தெளித்துக் கல்லை வைக்கக் கூடாது. வழித்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.