இழப்பு–சேத நிதியம்: சொல் விளக்கம்

காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் வளரும் நாடுகளுக்கான நிதியைத் தமிழில் பலரும் 'காலநிலை இழப்பீட்டு நிதி' என்று எழுதுகிறார்கள். அது பிழை. இழப்பீடு என்றால் இழப்புக்கு ஈடு. ஈடு கொடுப்பவர் அந்த இழப்புக்குத் தாம் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டவர் ஆகிறார். அந்த ஒப்புதலைத்தான் தொழில்வள நாடுகள் இன்றுவரை தரவில்லை.

கோரிக்கை எழுந்தபோது ஈடு என்ற பொருள் அதில் இருந்தது. கடல்மட்டம் உயர்வதால் நேரும் இழப்புகளை ஈடுசெய்ய, தொழில்வள நாடுகளின் பணத்தில் ஒரு காப்பீட்டு ஏற்பாடு வேண்டும் என்று 1991இல் சிறுதீவு நாடுகளின் கூட்டணி சார்பாகப் பசிபிக் தீவு நாடான வனுவாட்டு கேட்டது. 2007இல் ஐ.நா. காலநிலை மாநாடு ஏற்ற பாலி செயல்திட்டத்தில் 'இழப்பு, சேதம்' என்ற தொடர் இடம்பெற்றது. 2015இல் பாரிஸ் உடன்பாட்டின் 8ஆம் பிரிவு அதற்குத் தனி இடம் தந்தது. ஆனால் உடன்பாட்டை ஏற்ற தீர்மானத்தின் 51ஆம் பத்தி, அந்தப் பிரிவு பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படை ஆகாது என்று கதவைச் சாத்தியது. 2022இல் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கில் கூடிய ஐ.நா. காலநிலை மாநாட்டில் நிதியம் அமைக்க முடிவாகி, 2023இல் துபாய் மாநாட்டில் அது செயல்வடிவம் பெற்றபோது, சுமார் 70 கோடி டாலர் தருவதாக வாக்களிக்கப்பட்டது. 2022 வெள்ளத்தில் பாகிஸ்தான் ஒரு நாட்டுக்கு மட்டும் நேர்ந்த சேதம் 1490 கோடி டாலர், பொருளாதார இழப்பு 1520 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

அந்த மதிப்பீட்டில் சேதம் என்பது இடிந்த வீடு, சாலை, பாலம் முதலியவற்றின் மதிப்பு. இழப்பு என்பது அதனால் நின்றுபோன விளைச்சலும் வருமானமும். காலநிலைப் பேச்சுகளிலோ சீர்செய்யத்தக்கது சேதம், மீளாதது இழப்பு என்று பெரும்பாலும் பிரித்துக் கொள்கிறார்கள். கடல் ஊருக்குள் வந்ததால் ஃபிஜியின் வுனிடோகோலோவா சிற்றூர் 2014இல் சுமார் 2 கிலோமீட்டர் உள்ளே இடம்பெயர்ந்தது. வீடுகளைப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். விட்டுவந்த கரையைக் கட்ட முடியாது. தமிழில் 'உயிர்ச்சேதம்', 'பொருட்சேதம்' என்று இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் பழக்கம் இருப்பதால், இந்த வேறுபாட்டைக் கவனமாகக் காக்க வேண்டியிருக்கிறது.

'நிவாரண நிதி' என்பதும் பொருந்தாது. அது கொடுப்பவரின் இரக்கத்தைக் குறித்து, கேட்பவரின் உரிமையை மறைத்துவிடும். 'இழப்பு, சேதங்களை எதிர்கொள்வதற்கான நிதியம்' என்பதே மூலப் பெயருக்கு நெருக்கமானது. சுருக்கமாக 'இழப்பு–சேத நிதியம்' எனலாம். வடசொல்லைத் தவிர்க்க விரும்புவோர் சேதத்துக்குப் பதிலாகச் 'சிதைவு' என்று எழுதலாம். 'இழப்பீடு' என்பதைத் தீவு நாடுகளின் கோரிக்கையைச் சொல்லும் இடத்தில் மட்டும் ஆள்வது சரி.