“கேஸ்தான் டாக்டர்” என்று வருகிறவர்கள்

நெஞ்சைத் தடவிக்கொண்டே அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களில் பலர் நோயையும் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டு வருகிறார்கள். “கேஸ்தான் டாக்டர், ஒரு ஊசி போட்டா சரியாயிடும்.” விசாரித்தால், சோடா குடித்தாகிவிட்டது, ஜெலுசில் விழுங்கியாகிவிட்டது, படுத்தும் பார்த்தாகிவிட்டது.

மாரடைப்பு வலியும் கேஸ் மாதிரியே தோன்றுவதில் ஆச்சரியமில்லை. இதயத்தின் கீழ்ச்சுவர் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பகுதிக்கு ரத்தம் தடைபட்டால் மேல்வயிற்றில் வலி, குமட்டல், வாந்தி, ஏப்பம்கூட வரலாம். நான் முதலில் பார்ப்பது சட்டையை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் துணி முதுகோடு ஒட்டுகிற அளவு வியர்த்திருந்தால், கேஸ் பேச்சை ஒதுக்கிவிட்டு இ.சி.ஜி.தான். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் இருக்கலாம்.

வந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும். ஆனால் முதல் இ.சி.ஜி. நார்மல் என்பதால் கிளம்பிவிடக் கூடாது. வலி தொடர்ந்தால் 15, 30 நிமிட இடைவெளியில் மறுபடி எடுப்போம். இதயத் தசையிலுள்ள ட்ரோபோனின் என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். இதயத் தசை சேதமான சில மணி நேரம் கழித்தே அது தெளிவாக உயரும். “இன்னும் எத்தனை தடவைதான் எடுப்பீங்க?” என்று உறவினர்கள் கோபப்படுவார்கள். திரும்பத் திரும்ப எடுப்பது இதனால்தான். பில்லை ஏற்றுவதற்காக அல்ல.

பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சார்பிட்ரேட் என்ற நெஞ்சுவலி மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. கீழ்ச்சுவரோடு இதயத்தின் வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால் அந்த மாத்திரை ரத்த அழுத்தத்தை மளமளவென்று இறக்கிவிடும். தனக்கென்று எழுதித் தராத மருந்து வேண்டாமே.

தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் தருகிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8. அப்புறம் பெரிய மருத்துவமனை. ரத்தக்குழாய் முழுதாக அடைபட்ட மாரடைப்பில், 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய வழியிருந்தால் அதுவே மேல். இல்லையென்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி; வலி தொடங்கி 12 மணி நேரம் வரை போடலாம், முதல் 3 மணி நேரத்தில் பலன் அதிகம்.

பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிவர வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். வந்ததும் “சாயங்காலத்திலிருந்து வலி” என்று சொல்லாமல் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று சொல்லுங்கள். முன்பு பக்கவாதம் வந்ததா, வயிற்றுப்புண்ணில் ரத்தம் போனதா, சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்ததா என்பதையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடலாமா கூடாதா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வோம்.